டீக்கடை பெஞ்சில் இடம் இருக்கிறது: நெல்லைச் சீமை இதய மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையில் இதய நோய் பார்க்கும் டாக்டர்களுக்கும், இதயத்தைப் பற்றிப் படித்து ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். சர்வீஸில் பாதிக்கு மேல் திருநெல்வேலி–பாபநாசம் தடத்திலேயே கழிந்தது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன். மருத்துவம் என்று பார்த்தால், கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்ததுதான் என் அனுபவம். அப்படிப்பட்டவன் உங்களுக்கு ஏன் மடல் எழுதுகிறேன் என்றால், அதற்கு ஒரு பஸ் பழுதானதுதான் காரணம்.

போன ஐப்பசியில் ஒரு நாள், வீரவநல்லூர் பக்கம் நான் வந்த வண்டி நின்றுவிட்டது. மாற்று வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நல்ல மழை. இறங்கியவர்களெல்லாம் ஓடிப்போய் ஒரு டீக்கடைக் கூரைக்குள் ஒண்டினோம். பக்கத்தில் ஒரு பையன், மருத்துவ மேற்படிப்புப் படிக்கிறவன். பேச்சுவாக்கில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டான். கண்டக்டர் என்றேன். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. "ஐயா, நெஞ்சுநோய்ப் பாடத்துல உங்க ஆளுங்க பெரிய ஆளுங்க. தெரியுமா?" என்றான்.

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

அவன் சொன்ன கதை இது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்று ஒரு டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில், மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேட ஆரம்பித்தார். வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று சந்தேகம். அந்த ஊர் மாடி பஸ்ஸில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே மாதிரிக் குடும்பம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே புகை, ஒரே சாலை. ஒரே ஒரு வித்தியாசம்: ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் மாடிப்படி ஏறி இறங்குகிறார். ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படி வரை. 35 வயதுக்கு மேல் 64 வரை இருந்த சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் கணக்கைப் பார்த்தார்கள். 1953-இல் வெளியிட்டார்கள். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயது தள்ளி வருகிறது, வந்த வேகத்தில் ஆளைக் கொண்டுபோவதும் ஓட்டுநர்களைவிடப் பாதிக்கும் கீழே. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்கு உலகம் முதலில் பிடித்த பெரிய ஆதாரம் இதுதான் என்றான் பையன்.

டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் மாடி பஸ் கிடையாது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே நான் பிதுங்கிய பிதுங்கலை எண்ணியிருந்தால் அதுவும் ஒரு கணக்குக்கு வந்திருக்கும். என் வேலையை ஒருவர் நாற்பது மைல் தூரத்தில் இல்லை, கடல் தாண்டி இருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார், நான் ரிட்டையர் ஆகிப் பல வருஷம் கழித்து ஒரு பஸ் பழுதானதால்தான் அது என் காதுக்கு வருகிறது!

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. கடையில் ஒருவர் குறுக்கே கேட்டார்: "ஏன் தம்பி, தொந்தி இருக்கிறவன்தான் ஓட்டுநரா சேர்றானோ என்னமோ? படி ஏறாததால தொந்தியா, தொந்தி இருக்கிறதால படி ஏறாத வேலையா?" பையன் கையைத் தட்டினான். மோரிஸ் கூட்டத்துக்கும் அதே சந்தேகம் வந்ததாம். அதனால் சீருடைக் கணக்கை எடுத்தார்கள். யாருக்கு எத்தனை இஞ்ச் இடுப்பில் கால்சட்டை தைத்தார்கள் என்று ஏட்டில் இருக்குமே! பார்த்தால், வேலைக்குச் சேர்ந்த இளவயது ஓட்டுநர்களுக்கே நடத்துநர்களைவிட இடுப்பு பெரிது. 1956-இல் அதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். ஆக, முழுக்க முழுக்கப் படி ஏறியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று தாங்களே தங்கள் கணக்கில் ஓட்டை காட்டினார்கள். தபால்காரர்களையும் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்களையும்கூட 1953-லேயே ஒப்பிட்டிருந்தார்கள். அங்கேயும் நடந்தவர்கள் பக்கமே சாய்ந்தது. மோரிஸ் 99 வயது வரை இருந்தாராம்.

டெய்லர் கணக்கு! தைக்கிற நோட்டில் இருந்து விஞ்ஞானம் எடுத்திருக்கிறார்கள். "தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்று நீங்கள் ஆயிரம் சுவரொட்டி ஒட்டியும் அசையாத எங்கள் பெஞ்சு, இந்தக் கால்சட்டைக் கதையைக் கேட்டு அன்று முழுக்கப் பேசியது. இரண்டு பேர் வீட்டுக்கு நடந்தே போனார்கள். மழையிலா என்று கேட்காதீர்கள், மழை விட்டிருந்தது.

நான் கேட்பது இதைத்தான். முடிவை மட்டும் எங்களிடம் தூக்கிப் போடாதீர்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், யாரிடம் கண்டீர்கள், எங்கே உங்களுக்கே சந்தேகம் வந்தது என்ற கதையைச் சொல்லுங்கள். அதை மண்டபத்தில் மேடை போட்டு அல்ல, நாங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து சொல்லுங்கள்.

மேடை ஏன் வேண்டாம் என்றால், மேடைக்கு வந்தவுடன் நீங்களும் மாறிவிடுகிறீர்கள், நாங்களும் மாறிவிடுகிறோம். பொன்னாடை, சிறப்பு விருந்தினர், வரவேற்புரை எல்லாம் முடிந்து நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போது மணி ஒன்றாகிவிடும். சாப்பாட்டு வாசனை வந்த பிறகு கொழுப்பைப் பற்றி யார் கேட்பார்கள்? கேள்வி கேட்க எழுந்தால் பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். நம்ம பக்கத்து வில்லுப்பாட்டைக் கவனித்திருப்பீர்கள். புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். புரியாத இடத்தில் "அதெப்படி?" என்று ஊருக்காக அவரே கேட்பார். கோயில் கொடைக்கு விடிய விடிய ஆட்கள் உட்கார்ந்திருப்பது பாட்டுக்காக மட்டுமல்ல, அந்தக் குறுக்குக் கேள்விக்காகவும்தான். உங்கள் பேச்சில் ஆமா போட ஆள் இல்லை. டீக்கடையில் நிறைய ஆள் உண்டு.

அன்று அந்தக் கடையிலேயே பார்த்தேன். மாரடைப்பு என்றால் என்ன என்று கேட்டதற்குப் பையன் சிந்திய டீயை விரலால் தொட்டு மேசையில் படம் போட்டான். இதயம் உடம்புக்கே ரத்தம் அனுப்பினாலும் அதற்கென்று தனியாக ரத்தக்குழாய் உண்டு, அதில் கொழுப்பு படியும் என்றான். உடனே ஒரு விவசாயி, "கன்னடியன் கால்வாயில மண்ணு மேவுற மாதிரி" என்றார். ஆமாம், மேவி மேவித் தண்ணீர் குறையும், அதுதான் படி ஏறும்போது நெஞ்சு இறுக்குவது என்றான் பையன். ஆனால் அட்டாக் என்பது பெரும்பாலும் அப்படி மெல்ல அடைவது இல்லையாம். படிந்த கொழுப்பின் மேல்தோல் வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிஷத்தில் மொத்தமும் மூடிக்கொள்வதாம்.

விவசாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ அது மண்ணு மேவுறது இல்ல. கரை சரியுறது. கரை சரியணும்னா கால்வாய் பாதிகூட மேவியிருக்க வேண்டாமே?"

பையன் அசந்துவிட்டான். டாக்டர்களுக்கே இது பிடிபட நாளானதாம். நிறைய அட்டாக் பெரிய பிளாக் இல்லாத இடத்தில்தான் வருகிறது, அதனால்தான் போன மாதம் டெஸ்டில் நல்லா இருக்கிறது என்று வந்த ஆள் இந்த மாதம் விழுகிறான், கொழுப்பு மாத்திரை படிந்ததைக் கொஞ்சம் கரைப்பதைவிட முக்கியமாகக் கரையைக் கெட்டிப்படுத்துகிறது என்றான். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். "வலிதான் இல்லையேன்னு நான் அந்த மாத்திரைய நிப்பாட்டி நாலு மாசம் ஆச்சே" என்றார். அவருடைய டாக்டரிடம் உடனே போகச் சொன்னான். அந்த மனிதர் எந்த மண்டபத்துக்கும் வந்திருக்க மாட்டார். பேப்பர் படிக்கத்தான் வந்தார்.

இப்படி ஆட்கள் கூடும் இடத்தில் போய்ப் பார்ப்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது என்றான் பையன், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ். கறுப்பின ஆண்களுக்குப் பிரஷர் அதிகம், ஆஸ்பத்திரிக்கு வருவதோ குறைவு. ரொனால்ட் விக்டர் என்ற டாக்டர் அவர்களைத் தேடி சலூனுக்குப் போனார். 52 சலூன், 319 பேர். பாதிக் கடைகளில் மருந்தாளுநர் ஒருவர் கடைக்கே வந்து பிரஷர் பார்த்து, டாக்டர்களோடு பேசி வைத்த முறைப்படி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மீதிக் கடைகளில் முடி வெட்டுபவர் "டாக்டரைப் பாருங்க" என்று சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைக்காரர்களின் வாடிக்கையாளர்களுக்குப் பிரஷரின் மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மற்றவர்களுக்கு 9. 2018-இல் வெளியானது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றியது. முடிதிருத்தும் சமூகத்துக்கு நம் நாட்டில் மருத்துவர் என்றே பெயர். வைத்தியம் பார்த்தார்கள், அந்த வீட்டு ஆச்சிமார்தான் ஊர்ப் பிரசவமெல்லாம் பார்த்தார்கள். சலூனுக்கு டாக்டர் போவது நமக்குப் புதுசு இல்லை, பழைய வீட்டுக்குத் திரும்பிப் போவதுதான்.

சரி, இனி கொஞ்சம் கசப்பான விஷயம்.

என்னோடு ஒன்பது வருஷம் ஓடிய ஓட்டுநர் அண்ணாச்சி. நல்ல கை. ஒரு குழியில் வண்டியை விடமாட்டார். வயது 51. 2001-இல் ஒரு ராத்திரி, கடைசி வண்டியைப் பாபநாசத்தில் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறோம். "நெஞ்சு கரிக்குவே. தோள்பட்டையும் என்னமோ போல இருக்கு" என்றார். மத்தியானம் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டினோம். "வாயுதான், ஒரு சோடா ஒடைச்சா சரியாயிரும்" என்று நான்தான் சொன்னேன். கடை அடைக்கப் போனவரைக் கூப்பிட்டு கோலி சோடா வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஏப்பம் விட்டார். தேவலை என்றார். வேர்த்துக்கொண்டே இருந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார். விடியற்காலை முதல் ட்ரிப்புக்கு எழுப்பப் போனேன்.

அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு காரைப் பிடித்துக் கொண்டுபோயிருக்கலாம். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி அப்போதே உலகத்தில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. வேர்வையும் தோள்வலியும் வாயு இல்லை என்று எனக்கு யாராவது ஒரு டீக்கடையில் சொல்லியிருந்தால் போதும். லண்டன் ஓட்டுநர்கள் கதை வெளிவந்து அன்றைக்கே 48 வருஷம் ஆகியிருந்தது.

இன்று நிலைமை மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். 108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. 2023-இல் "இதயம் காப்போம்" என்று அரசு ஒரு திட்டம் கொண்டுவந்து, நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் என்று மூன்று மாத்திரையின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறது. எங்கள் பெஞ்சில் ஏழு பேரிடம் கேட்டேன். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது, அவர் மகள் நர்ஸ். மீதி ஆறு பேரும், இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பு நின்றுவிடும் என்ற வாட்ஸப் பொய்யைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வராத இடத்துக்கு அது வந்துவிடுகிறது, டாக்டர். அது பொன்னாடை கேட்பதில்லை.

இன்னொன்று. சில வருஷம் முந்தி எங்கள் தெருவுக்கு ஆராய்ச்சி என்று மூன்று பேர் வந்தார்கள். இடுப்பை டேப் வைத்து அளந்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், உப்பு எத்தனை ஸ்பூன், எண்ணெய் எத்தனை கரண்டி என்று கேட்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ரிசல்ட் வரும் என்றார்கள். வரவில்லை. எதிர்வீட்டு ஆச்சி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏய்யா, என் ரத்தத்துல என்னமாம் இருந்துச்சு?" என்று கேட்பாள். நான் பஸ்ஸில் போய்வருகிறவன், எனக்குத் தெரியும் என்று நினைக்கிறாள்.

அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறதாமே. 1948-இல் 5,209 பேர் தங்களை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து உடம்பைக் காட்டினார்கள். 1971-இல் அவர்கள் பிள்ளைகள் சேர்ந்தார்கள், 2002-இல் பேரன் பேத்திகள். வயதானால் பிரஷர் ஏறுவது இயற்கை என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அது ஆளைக் கொல்லும் என்று காட்டியது அந்த ஊர். மூன்று தலைமுறை ஒரு ஊர் கை நீட்டியிருக்கிறது என்றால், நீட்டிய கைக்கு ஏதோ மரியாதை கிடைத்திருக்க வேண்டும். எங்கள் ஆச்சி நீட்டிய கையும் கைதான். பெயர் சொல்ல வேண்டாம், "உங்க தெருவில் இத்தனை பேருக்குப் பிரஷர் இருந்தது, பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது" என்று ஏதோ ஒன்றைத் திரும்பி வந்து சொல்லியிருக்கலாம்.

முகாம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். இலவச முகாம் என்ற பேனரைப் பார்த்தாலே எங்கள் ஆட்களுக்கு இப்போது ஒரு சந்தேகம். நானே ஒன்றுக்குப் போனேன். ஈசிஜி எடுத்து, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று சீட்டுக் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "வந்தா டாக்டர் சொல்லுவார்." வலை வீசுகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. ஆகவே வரும்போது சீட்டோ பேனரோ வேண்டாம். மிஷினும் வேண்டாம். கதையோடு வாருங்கள்.

எங்கே வரலாம் என்று கேட்டால், டீக்கடையும் சலூனும் ஆண்களுக்கு. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பீடிக்கடை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் சுருட்டிய பீடியை ஒப்படைக்கப் பெண்கள் வரிசையில் காத்திருப்பார்களே, அங்கே. மடியில் சுளகை வைத்து, குனிந்த தலை நிமிராமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். லண்டன் ஓட்டுநருக்கு முன்னால் ஸ்டியரிங் இருந்தது, இவர்களுக்குச் சுளகு, அவ்வளவுதான் வித்தியாசம். என் வீட்டுக்காரியும் இருபது வருஷம் சுற்றினவள். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமல் மூச்சு வாங்குவதும், அசதியும், தாடையிலோ முதுகிலோ வலியுமாகக்கூட அட்டாக் வரும் என்று பையன் சொன்னதை அவளிடம் சொன்னேன். "இதெல்லாம் எனக்குத் தெனமும் இருக்கே, எதை அட்டாக்குன்னு நெனைக்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும்.

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, புத்தகத் திருவிழா நடக்கிறது, அங்கேயும் பேசுங்கள், நல்லதுதான். ஆனால் அங்கே வருகிறவர்கள் தேடி வருகிறவர்கள். அண்ணாச்சி மாதிரி ஆட்கள் எதையும் தேடி வரமாட்டார்கள், டூட்டி முடிந்தால் படுக்கப் போவார்கள்.

பேசும்போது எங்கள் கேள்விகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கு நல்லதா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். மூடநம்பிக்கை என்று அடித்துவிட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார், கஷாயத்தை விடமாட்டார். சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, எத்தனை பேரிடம், என்ன தெரிந்தது, எது தெரியவில்லை என்று சொல்லுங்கள். கால்சட்டை அளவுக்குத் தலையாட்டியவர்கள் இதற்கும் தலையாட்டுவார்கள். போன தடவை சொன்னதை இந்தத் தடவை மாற்றிச் சொல்ல வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். ஏன் மாற்றினீர்கள் என்று சொன்னால் போதும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கே உரிய கணக்கையும் கொண்டு வாருங்கள். 52 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பற்றிப் பையன் சொன்னான், 2004-இல் வந்தது. பீடி சிகரெட், கொழுப்பு, பிரஷர், சுகர், தொந்தி, மனக்கவலை என்று ஒன்பது விஷயத்துக்குள் கிட்டத்தட்ட எல்லா மாரடைப்பும் அடங்கிவிடுகிறதாம். அதை நடத்திய சலீம் யூசுப், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற வண்டி தாண்டிப் போகும் கொட்டாரக்கரையில் பிறந்தவர். மற்ற நாட்டவருக்கு முதல் அட்டாக் சராசரியாக 59 வயதை ஒட்டி வரும்போது, தெற்காசியர்களான நமக்கு 53-லேயே வந்துவிடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. அண்ணாச்சிக்கு அந்த 53-க்கும் இரண்டு வருஷம் பாக்கி இருந்தது.

அந்தப் பையனின் பெயரையும் போன் நம்பரையும் வாங்க மறந்துவிட்டேன். மாற்று வண்டி வந்ததும் வழக்கம் போல எல்லோரும் முண்டியடித்து ஏறிவிட்டோம். அவன் இந்த மடலைப் படித்தால், பாக்கிக் கேள்விகள் பன்னிரண்டு சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளட்டும்.

மற்றவர்களுக்கு வழி சொல்கிறேன். திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் வண்டி ஏறுங்கள். வீரவநல்லூர் தாண்டியதும் நடத்துநரிடம் கால்வாய்ப் பாலத்து டீக்கடை என்று சொல்லுங்கள். அங்கே ஸ்டாப் கிடையாது, ஆனாலும் நிறுத்துவார்கள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு பெஞ்சு நிறைந்துவிடும். ஐந்தரைக்கே வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்